“அவங்களால முடியுமா?”: மூளைக் காயத்துக்குப் பின் தனக்காகத் தானே பேசக் கற்ற ஒருவர்

இந்த நிகழ்வு ஆய்வுக்கு உரியவர் அயனாவரத்தில் வசிக்கும் ஒரு பெண். விபத்தின்போது அவருக்கு வயது 36. மாநில அரசுத் துறை ஒன்றில் உதவியாளர். கணவர் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், கூடவே மாமியார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே நிலையில் நான் பார்த்த வேறு சிலருடைய அனுபவங்களும் இதில் கலந்திருக்கின்றன. விபத்து நடந்து ஐந்தாம் மாதத்தில், அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக நான் இந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

காயம்

2022 ஜூலை. ஆபீஸ் முடிந்து கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். கொன்னூர் நெடுஞ்சாலையில் பக்கவாட்டில் வந்த தண்ணீர் லாரி தட்டிவிட்டது. கணவர் ஹெல்மெட் போட்டிருந்தார், தோள் எலும்பு மட்டும் முறிந்தது. இவர் போடவில்லை. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் தீவிரமாகப் பிடிக்கத் தொடங்கியது அந்த வருடம் மே மாதம்தான். “நாலு தெரு தள்ளித்தானே ஆபீஸ்லேர்ந்து வர்றோம்னு விட்டுட்டோம்” என்று கணவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

108 வந்து பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டதால், முதல் இரண்டு நாள் அவசரச் சிகிச்சைக்காக யாரும் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

சேர்த்தபோது கிளாஸ்கோ கோமா அளவு 9. கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் 1974-ல் உருவாக்கிய அளவுகோல் இது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 9 என்றால் நடுத்தரக் காயம். சிடி ஸ்கேனில் இரண்டு முன் மூளை மடல்களின் அடிப்பக்கத்திலும் வலது பொட்டு மடலின் நுனியிலும் ரத்தக் கன்றல் தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் ஒருமுறை வலிப்பு வந்ததால் லெவெடிராசிடம் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

அந்த மதிப்பெண்ணைவிட நான் முக்கியமாகக் கேட்பது வேறு: கண் விழித்த பிறகு எத்தனை நாள் புது நினைவு எதுவும் தங்காமல் இருந்தது? இவருக்கு ஏறக்குறைய மூன்று வாரம். காலையில் வந்துபோன தங்கையைப் பற்றி மத்தியானம் “அவ ஏன் என்னைப் பார்க்கவே வரல?” என்று அழுதிருக்கிறார். இந்தக் காலம் ஒரு வாரத்தைத் தாண்டினாலே காயம் கடுமையானது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: “நல்லா இருக்காங்க, ரெஸ்ட் எடுக்கட்டும், ஆறு மாசத்துல எல்லாம் சரியாயிடும்.”

டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது 1950-ல். அன்றிலிருந்து உயிரைக் காப்பாற்றும் வித்தையில் இந்த ஊர் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. காப்பாற்றிய உயிர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறது என்று பார்க்கும் வேலைதான் இன்னும் அவரவர் பாடு என்று விடப்பட்டுக் கிடக்கிறது. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு இரண்டையும் யாரும் சொல்லவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பலவீனமாயிருந்த இடது கையைப் பழக்கிவிட்டார், கை நன்றாகவே தேறியது. கையோடு கணக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் என்ன நடந்தது

முதல் நாள் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: “ஏம்மா, அவ முன்ன மாதிரி இல்ல. எதுவும் செய்ய மாட்டேங்கறா. சொன்னா செய்றா. சொல்லலைன்னா அப்படியே உக்காந்திருக்கா. சோம்பேறி ஆயிட்டாளோன்னு தோணுது, சொல்லவும் சங்கடமா இருக்கு.”

அடுக்களையில் காபி போடச் சொல்லிப் பார்த்தேன். ஃபில்டரில் பொடியைப் போட்டு அழுத்தினார், கொதிநீர் ஊற்றினார், மூடினார். கை தடுமாறவில்லை. டிகாஷன் இறங்கட்டும் என்று நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். டிகாஷன் இறங்கி வெகுநேரம் ஆகியும் பால் பாத்திரத்தைத் தொடவில்லை. “அடுத்து என்ன?” என்று கேட்டதும் “பால் காய்ச்சணும்” என்று சட்டென்று பதில் வந்தது. தெரியாமல் நிற்கவில்லை. தெரிந்தும் தொடங்க முடியவில்லை. பாலை வைத்துவிட்டு மகன் கூப்பிட்டான் என்று ஹாலுக்குப் போனார். பால் பொங்கி வழிந்து, கருகி, நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அவர் திரும்பியே பார்க்கவில்லை.

இந்த ஒரு காபியிலேயே காயத்தின் வரைபடம் இருந்தது. நெற்றிக்குப் பின்னாலுள்ள எலும்புத் தளம் கரடுமுரடானது. தலை வேகமாக அடிபட்டு நிற்கும்போது முன் மடல்களின் அடிப்பகுதி அதன்மேல் உராய்கிறது. எண்ணிய காரியத்தைத் தொடங்குவது, ஒன்று முடிந்ததும் அடுத்ததுக்குப் போவது, வந்த கோபத்தை அடக்குவது எல்லாம் அந்த மடல்களின் பொறுப்பு. அதே இடத்தில்தான் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக வாசனை நரம்பின் மெல்லிய இழைகள் ஏறுகின்றன. மூளை அசையும்போது அவை அறுந்துபோகும். இவருக்கு வாசனையே தெரியவில்லை என்பது ஐந்து மாதமாக வீட்டில் யாருக்கும் தெரியாது. சாம்பாரில் பெருங்காயம் கூடிப்போகிறது, உப்பு கூடிப்போகிறது என்று தினமும் சண்டை மட்டும் நடந்தது. காஸ் கசிந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அந்த வாரமே காஸ் கசிவு அலாரம் ஒன்று மாட்டச் சொன்னேன்.

இதற்கு மேல் களைப்பு. உடல் களைப்பு மாதிரி இல்லை இது. பெரம்பூரிலிருந்து 29சி பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போய் வந்தால், கண்டக்டர் விசில், ஹாரன், பக்கத்து சீட்டுப் பேச்சு எல்லாம் ஒரே அளவு சத்தமாக உள்ளே இறங்கி, மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடப்பார். முன்பு மூளை தானாக வடிகட்டியதை இப்போது முயன்று வடிகட்ட வேண்டியிருக்கிறது. அந்த முயற்சிதான் ஆளைச் சாய்க்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. சொந்தக்காரர்கள் வந்தால் “பார்த்தா நல்லாத்தானே இருக்கே!” என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

தன் நிலை தனக்குத் தெரிவது

முதல் சில மாதம் அவரிடம் “என்ன கஷ்டம்?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல மேடம், கை மட்டும்தான்” என்பார். மறைக்கவில்லை, பிடிவாதமும் இல்லை. குறையைக் கவனிக்க வேண்டிய பகுதியே காயப்பட்டிருந்தது. இதைக் குடும்பத்துக்குப் புரியவைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

க்ராசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1989-ல் இந்தத் தன்னுணர்வை மூன்று படியாகப் பிரித்தார்கள். தனக்கு ஒரு குறை இருக்கிறது என்று பொதுவாக அறிவது முதல் படி. அந்தக் குறை தலைகாட்டும்போதே அதை உணர்வது அடுத்தது. தலைகாட்டப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்து வழி தேடுவது மூன்றாவது. தனக்காகப் பேச வேண்டுமென்றால் மூன்றாம் படிக்கு வந்தாக வேண்டும். மறந்துபோன பிறகு மன்னிப்புக் கேட்பவரை உலகம் பொறுப்பற்றவர் என்கிறது. மறப்பதற்கு முன்னால் “எனக்கு எழுதிக் கொடுங்க” என்று கேட்பவருடைய பேச்சு எடுபடுகிறது.

அதற்கு நாங்கள் எடுத்த வழி எளிது. அயனாவரம் மார்க்கெட்டுக்குக் கிளம்புமுன், “இன்னிக்கு ஆறு சாமான். லிஸ்ட் இல்லாம எத்தனை வாங்கிட்டு வருவீங்க?” என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணை அவர் கையாலேயே நோட்டில் எழுத வைப்பேன். ஆரம்பத்தில் எப்போதும் ஆறு என்றே எழுதினார். வந்தது மூன்று, சில நாள் இரண்டு. நான் எதுவும் சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே வந்த எண்ணையும் அவரே எழுதுவார். நாள் போகப்போக முதல் எண் தானாக இறங்கியது. ஒரு நாள் “மூணுதான் வரும் மேடம், லிஸ்ட் எடுத்துக்கறேன்” என்றார். அன்றைக்கு ஆறும் வந்தது.

அதே வாரங்களில் அவர் மனம் உடைந்துபோனார். தன்னுணர்வு வரும்போது துக்கமும் சேர்ந்தே வரும். இதைக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் “தெரபியால மோசமாயிட்டா” என்று நிறுத்திவிடுவார்கள். இங்கும் மாமியார் மந்திரிக்க அழைத்துப் போனார். நான் தடுக்கவில்லை. மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போகச் சொன்னேன், இரண்டும் நடந்தது.

இந்த நோட்டுதான் அவருடைய முதல் வெற்றிக்கும் காரணம். கோபம் வந்த நேரத்தை அதில் குறித்து வந்தார். மாத்திரை போட்ட இரண்டொரு மணி நேரத்தில் எரிச்சல் கூடுவதை அவரே கண்டுபிடித்தார். லெவெடிராசிடம் சிலருக்கு இப்படிச் செய்யும் என்பது மருத்துவத்தில் நன்கு தெரிந்ததுதான். ஆனால் அதுவரை “மூளைல அடிபட்டா இப்படித்தான் இருக்கும்” என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அடுத்த ஓபி நாளில் கணவர் பேச வாயெடுத்தபோது “நான் சொல்றேங்க” என்று நோட்டை டாக்டர் முன்னால் வைத்தார். டாக்டர் நிதானமாகப் படித்துப் பார்த்து மாத்திரையைப் படிப்படியாக மாற்றிக் கொடுத்தார். வீட்டில் தட்டு பறப்பது நின்றது. மாத்திரையைத் தாமாக யாரும் நிறுத்தக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம்.

ஆபீஸ்

மருத்துவ விடுப்பு முடிந்து, உடற்தகுதிச் சான்றோடு 2023 மத்தியில் வேலைக்குத் திரும்பினார். உதவியாளர் வேலையில் ஒரே நேரத்தில் பல கோப்புகள் ஓடும். நடுவில் போன் வரும், மேலதிகாரி கூப்பிடுவார், பொதுமக்கள் வந்து நிற்பார்கள். சில வாரங்களில் தபால்கள் தேங்கின. ஒரு நினைவூட்டுக் கடிதத்துக்குப் பதில் போகவில்லை. அதிகாரி கணவரை வரச் சொல்லி அனுப்பினார்.

நடந்ததைக் கணவரும் அவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போயின. மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி. அதிகாரி கணவரைப் பார்த்து, “சார், அம்மாவால முடியுமா? பாவம், ஏன் கஷ்டப்படுத்தறீங்க? வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா வீட்ல இருக்கட்டுமே” என்றார். கணவர், “ஆமாங்க சார், நாங்களும் அதான் யோசிச்சோம்” என்றார். அருகில் உட்கார்ந்திருந்தவரை இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவரும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் ‘பாவம்’தான் ஒருவருடைய வாயை அடைப்பதில் எல்லாவற்றையும்விட வலுவானது என்று இத்தனை வருட அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன். மிரட்டினால் எதிர்த்துப் பேசலாம், பரிதாபப்படுகிறவரிடம் எப்படிப் பேசுவது?

அன்று இரவு அவர் எனக்குப் போன் செய்தார். அழவில்லை. “எழுதிக் கொடுக்கணுமா மேடம்?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன், சட்டத்தை வாசித்துக் காட்டினேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4): பணியிலிருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே ஊதிய விகிதத்தோடும் பணிப் பயன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால், பொருத்தமான பணியிடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும் வயது வரை, உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். குறைபாடு நாற்பது சதவீதம் இருக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு கேட்கவில்லை. இது பலருக்குத் தெரியாது.

சட்டம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதிகாரி எதிரில் உட்கார்ந்து, குரல் உயராமல், சொல்ல வந்ததை மறக்காமல், குறுக்குக் கேள்வியில் தடம் மாறாமல் சொல்ல வேண்டும். இவருக்கு இவை எல்லாமே காயம்பட்ட இடங்கள். கை அசைவைப் பழக்கிய மாதிரியே இதையும் பழக்கினோம். ஒரு பக்கத் தாள் ஒன்று தயாரித்தோம். தமிழில், பெரிய எழுத்தில், அவருடைய வார்த்தைகளிலேயே:

“2022-ல் எனக்குத் தலையில் அடிபட்டது. கோப்பை வாசித்துக் குறிப்பு எழுத என்னால் முடியும். முன்பைவிட நேரம் ஆகும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொன்னால் ஒன்று விட்டுப்போகும். வாயால் சொன்னது மறந்துவிடும், எழுதிக் கொடுத்தால் மறக்காது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எனக்குக் களைப்பு அதிகம். அதனால் நான் கேட்பது: போன் இல்லாத இருக்கை, வேலையைச் சீட்டில் எழுதித் தருவது, கடினமான கோப்பைக் காலையில் தருவது, மதியம் கால் மணி நேரம் கூடுதல் ஓய்வு.”

“என்னால் முடியும்” என்ற வரியை இரண்டாவதாக வைத்தது அவர் யோசனை. நான் கடைசியில் வைத்திருந்தேன். “கடைசி வரைக்கும் கேக்க மாட்டாங்க மேடம்” என்றார்.

கணவர் அதிகாரியாக உட்கார்ந்து ஒத்திகை நடந்தது. முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம். கோபம் ஏறுவதாகத் தோன்றினால் தாளைப் பார்த்து, “ஒரு நிமிஷம் சார், என் குறிப்பைப் பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லப் பழகினார். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு மூச்சு விட நேரம் கொடுத்தது. கணவருக்கும் இது பயிற்சிதான். மனைவி தடுமாறும்போது குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்க அவரும் கற்க வேண்டியிருந்தது. அது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதைப் பார்த்தவள் நான்.

சந்திப்பைக் காலையில் கேட்டு வாங்கினார். தாளோடு, பிரிவு 20(4)-ஐக் குறிப்பிட்ட விண்ணப்பத்தையும் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டார். அதிகாரி மறுபடியும் கணவரைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். கணவர், “அவங்களையே கேளுங்க சார்” என்றார். சில வாரங்களில் பதிவறைப் பிரிவுக்கு மாற்றல் ஆணை வந்தது, அதே பதவி, அதே சம்பளம். போன் இல்லாத இருக்கை கிடைத்தது. மதிய ஓய்வு எழுத்தில் கிடைக்கவில்லை. பிரிவுக் கண்காணிப்பாளர் வாய்மொழியாக அனுமதித்திருக்கிறார். அவர் மாறிப்போனால் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரே தாள், இரண்டு இடம்

விபத்து இழப்பீட்டு வழக்கு சென்னைச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நடந்தது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் மனுப் போட ஆறு மாதம் என்று காலவரம்பு வைத்தது. மூளைக் காயத்தில் முதல் ஆறு மாதம் வீடே திசை தெரியாமல் இருக்கும். இங்கே கணவரின் நண்பர் ஒருவர் நினைவுபடுத்தியதால் மனு நேரத்துக்குள் போனது.

இந்த வழக்கில் ஒரு நெருக்கடி வந்தது. ஆபீஸில் ‘முடியும்’ என்று நிரூபிக்க வேண்டும், தீர்ப்பாயத்தில் ‘முடியவில்லை’ என்று நிரூபிக்க வேண்டும். சாட்சிக் கூண்டில் வேலைக்குப் போவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அவர் மிகவும் குழம்பிப்போனார். கடைசியில் ஆபீஸில் கொடுத்த அதே தாளையே வக்கீலிடம் கொடுத்து, “இதுல இருக்கறது ரெண்டு இடத்துலயும் உண்மைதானே? இதையே சொல்றேன்” என்றார். எனக்கு அதைவிடத் தெளிவான முடிவு தோன்றியிருக்காது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னதும் இதற்கு இடம் கொடுக்கிறது: உடல் குறைபாட்டின் சதவீதம் அப்படியே சம்பாத்தியத் திறன் இழப்பின் சதவீதம் ஆகிவிடாது, அந்த நபர் என்ன வேலை செய்தார், இனி எதைச் செய்ய முடியும், எது முடியாது என்று பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். அவர் தாள் அந்தக் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொன்னது. குறுக்கு விசாரணையில் “வேலைக்குப் போறீங்கதானே?” என்று கேட்டபோது, “போறேன். எப்படிப் போறேன்னு இதுல எழுதியிருக்கேன்” என்று பதில் சொன்னார். சாட்சியம் முடிந்துவிட்டது, தீர்ப்பு வரவில்லை.

இப்போதைய நிலை

மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிறது. முதல் ஆறு மாதத்தில் வரும் வேகமான முன்னேற்றம் அதற்குப் பிறகு குறையும், ஆனால் நின்றுவிடுவதில்லை. இவர் இரண்டாம் ஆண்டில்தான் தனியாக 29சி ஏறத் தொடங்கினார், கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. வாசனை திரும்பவில்லை, இனி திரும்ப வாய்ப்பு குறைவு. சாம்பாருக்கு மகன்தான் ருசி பார்த்துச் சொல்கிறான். தொடங்க முடியாத சிக்கலுக்கு போன் அலாரம் உதவுகிறது. அலாரத்தில் அவருடைய குரலே “எழுந்து பாலை வை” என்று சொல்லும். முதலில் கணவர் குரலில் பதிந்திருந்தார்கள், அது அதட்டுவது போல் இருக்கிறது என்று அவர் மாற்றிக்கொண்டார்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் பட்டியலில் 21 வகை. மூளைக் காயம் தனி வகையாக அதில் இல்லை. கை கால் பலவீனம் இருந்தால் இயக்கக் குறைபாட்டில் வரலாம், பேச்சுப் போயிருந்தால் பேச்சு, மொழிக் குறைபாட்டில் வரலாம். நினைவும் திட்டமிடலும் போனவர் எந்த வரிசையில் நிற்பது? முதல் முறை, குறைபாட்டின் சதவீதத்தை மதிப்பிடும் மருத்துவ போர்டு அவருடைய இடது கையைப் பார்த்து மிகக் குறைந்த சதவீதம் போட்டது. இப்போது நினைவையும் கவனத்தையும் அளக்கும் நரம்பு உளவியல் சோதனையின் அறிக்கை, அலுவலக மாற்றல் ஆணை, நோட்டின் சில பக்கங்களின் நகல் எல்லாம் சேர்த்து மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். துறைத் தேர்வு எழுதவும் ஆசைப்படுகிறார். அதற்குக் கூடுதல் நேரம் கேட்க அந்தச் சான்றிதழ் வேண்டும்.

போர்டுக்குப் போகும் நாளுக்கான புதுத் தாளை அவரே எழுதிக்கொண்டிருக்கிறார். கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்று முடிவாகியிருக்கிறது. எனக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒன்றுதான்: தாளைப் படித்துவிட்டு, போர்டில் கேட்கக்கூடிய குறுக்குக் கேள்விகளை எழுதித் தர வேண்டும், ஒரு வரிக்கு ஒன்றாக.